'மறுபடியும்' சாரும் மரக்காணத்து மலைகளும்

ஒரு வேலை முதல் தடவையிலேயே முடிந்துவிட்டால் அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் சர்வே கம்பெனியில் இருந்தார். ஆதார் அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'மறுபடியும்' சார்.

ஓர் ஆவணி மாதம் மரக்காணம் உப்பளங்களுக்குப் போனோம். ட்ரோனில் படம் பிடித்து, ஆயிரக்கணக்கான படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, கோணலை நிமிர்த்தி, எந்த இடம் எவ்வளவு உயரம் என்று வரைபடம் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் மழைநீர் வாய்க்கால் வெட்டுவார்கள். உயரம் பிசகினால் ஐப்பசி வெள்ளம் உப்பளத் தொழிலாளர் காலனிக்குள் போகும்.

முதல் தடவை பாத்திகளில் தண்ணீர் பளபளத்தது. கம்ப்யூட்டர் இரண்டு நாள் முனகி, ஓட்டை ஓட்டையாக ஒரு படம் தந்தது. "மறுபடியும்" என்றார். அடுத்த தடவை மரக்காணத்தில் மலைத்தொடரே முளைத்தது. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்களைக் கம்ப்யூட்டர் தரை என்று எண்ணிவிட்டது. மலைகளை நீக்கச் சொன்னால் வரப்புகளையும் சேர்த்து வழித்துவிட்டது. "மறுபடியும்." அந்த வாரம் என் டைரியில் செவ்வாய் முதல் சனி வரை ஒரே சொல்தான்: 'அலுப்பு'.

மூன்றாம் தடவை அழகாக வந்தது. சார் மட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் நாலைந்து இடங்களை நேரில் அளந்தார். காலனிப் பக்கம் வரைபடத்துக்கும் நிஜத் தரைக்கும் முழங்கால் உயரம் வித்தியாசம் இருந்தது.

ட்ரோனுக்கு அடையாளமாகப் பாத்தி ஓரங்களில் கறுப்பு மஞ்சள் துணிகளை விரித்து, மூலைக்கொரு கல் வைத்து, அந்த இடங்களை முன்பே அளந்து வைத்திருந்தோம். உப்பு வாரும் அஞ்சலை வந்து சொன்னார்: "தண்ணி கட்டப் போறாங்கன்னாங்க சார். துணி நனைஞ்சிடுமேன்னு நான்தான் மேட்டு வரப்புல எடுத்து வச்சேன். அதே நாலு கல்லதான் மேல வச்சிருக்கேன்!"

"ஏம்மா, கல்லையா நாங்க அளந்தோம்?" என்று நான் தலையில் கை வைத்தேன்.

சார் கோபப்படவில்லை. "உங்க வூடு எங்கம்மா?" என்றார். அஞ்சலை கை காட்டியது காலனியின் கடைசி வீட்டை. வரைபடத்தில் அதைத் தாண்டிப் பள்ளம், நிஜத்தில் மேடு. வாய்க்காலை அந்த வழியாக வெட்டினால், தண்ணீர் மேடேற முடியாமல் அந்த வீட்டுக்குள்தான் நுழையும்.

முதலாளி போனில் சாரிடம் கத்தினார். "ஏம்பா, திங்கக்கெழம குடுக்கணும். கையெழுத்து போட்டு அனுப்பு. முழங்கால் அளவுதானே!"

"தண்ணி முழங்கால் வரைக்கும் வூட்டுக்குள்ள நின்னாத்தான் சார் தெரியும்."

"அப்ப திங்கக்கெழமலேர்ந்து நீ வர வேணாம்."

"சரிங்க சார். நடுவுல ஞாயித்துக்கெழம இருக்குதே."

ஞாயிறன்று மறுபடியும் விரித்தோம், அளந்தோம், பறக்கவிட்டோம். துணிக்குக் காவலாக உப்பு வாரும் பலகையோடு நின்ற அஞ்சலை, சொந்தப் புருஷனையே விரட்டினார். "யோவ், மிதிச்சே, கால ஒடைச்சிடுவேன்! அளவு போயிடும்!"

வரைபடம் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. சாருக்கு வேலை போனது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மனசு கேட்காமல் பஸ் பிடித்துப் போனேன். புது வாய்க்கால் சேற்று நிறத்தில் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை வீட்டு வாசற்படியில் சார் பேண்ட்டை மடித்துவிட்டபடி, சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"காத்தாலயே வந்துட்டாரு. தண்ணி போறதையே பாத்துக்கினு இருந்தாரு, அப்டியே தூங்கிட்டாரு. எழுப்பட்டுமா?" என்றார் அஞ்சலை.

வேண்டாம் என்றேன். சாரல் அவர் மேல் படாதபடி குடையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.