குளுக்கோஸ் ஏற்றிய கீரை

போடி வட்டாரத்திலேயே கீரைக்கு நாடி பார்த்த ஒரே மனிதர் எங்கள் குளுக்கோஸ் அண்ணன்தான். போடியில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சிலமலையில் எங்கள் தோட்டத்தை ஒட்டி அவர் தோட்டம். பெற்றவர்கள் வைத்த பேர் அவருக்கே மறந்திருக்கும்.

எண்பதுகளில் ஒரு கோடை. கிணற்றில் தவளை குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. அவர் மனைவி, எனக்கு மதினி, கறாராகச் சொல்லிவிட்டாள்:

"சித்திர பொறக்குறதுக்குள்ள ஒரு கட்டுக் கீர அறுத்துக் காட்டுய்யா. இல்லாட்டி நெலத்த வித்துரு. நான் மலைக்கு ஏலக்கா எடுக்கப் போறேன். நீ ஆஸ்பத்திரிக் கட்டில்லயே படுத்துக்க."

அண்ணன் அசரவில்லை. முழங்கால் உயரத்துக்கு மண்ணும் எருவும் கொட்டி நாலு மேட்டுப்பாத்தி கட்டி, கீரை விதைத்தார். ஆஸ்பத்திரியில் தூக்கிப்போட்ட குளுக்கோஸ் பாட்டில்களைச் சாக்கில் அள்ளி வந்தார். பாத்திக்குப் பாத்தி குச்சி நட்டு, பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, தண்ணீர் ஊற்றி, குழாயை மண்ணில் விட்டார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. போகிற பஸ்சு நின்று பார்த்துவிட்டுப் போனது.

"யாருண்ணே சீரியசு?" என்றேன்.

"சத்தம் போடாத தங்கச்சி. மூணாம் பாத்தி இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

அந்த மூணாம் பாத்தி கண்ணே திறக்கவில்லை. 'ஒடம்புல சத்தில்ல' என்று முடிவுகட்டி, அதற்கு மட்டும் நிஜக் குளுக்கோசையே ஏற்றிவிட்டார். மறுநாள் மலையிலிருந்த எறும்பெல்லாம் இறங்கி வந்து, இனிப்பை நக்கிவிட்டு, விதையையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு கிளம்பின.

"அண்ணே, நோயாளியத் தூக்கிட்டுப் போறாய்ங்க!"

அண்ணன் வாட்சைப் பார்த்துச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மற்ற மூன்றிலும் அரைக்கீரை தலைகாட்டியது. ஆனால் விரல் உயரம் வருவதற்குள் சித்திரை பிறந்துவிட்டது. மலையேறுகிற குரங்கணி ஜீப்பு வந்து நின்றது. மதினி துணிமூட்டையோடு ஏறக் காலைத் தூக்கினாள். அண்ணன் வேர்த்து வடிய ஓடிவந்தார். கையில் ஒரு கட்டுக் கீரை. கட்டு என்பதே பெரிய வார்த்தை. சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும்.

மதினி அதை வாங்கிப் பார்த்தாள். ஜீப்பே அதிர்ந்தது.

"இன்னும் பத்து நாளு நிக்க வேண்டிய பயிரு! இதப் போயி அறுத்திருக்கியே, கூறுகெட்ட மனுசா!"

மூட்டையைக் கீழே போட்டாள்.

"டிரைவர் தம்பி, நீ வெரசாப் போப்பா. நான் வந்துட்டா மிச்சத்தயும் இந்தாளு அறுத்துருவாரு. காவலுக்கு நான் இருக்கணும்."

அந்த முதல் கட்டை நான்தான் வாங்கினேன். கடைந்தால், கரண்டி நுனியில் ஒட்டுகிற அளவுதான் தேறியது. மறுநாள் அண்ணன் வேலியோரம் வந்து நின்றார்.

"பத்துச்சா தங்கச்சி?"

"ராத்திரிக்கும் மிச்சம்ணே."

அந்த மனிதரிடம் கேலி கலக்காமல் நான் பேசிய ஒரே பேச்சு அதுதான்.