சம்பந்திக்கும் எனக்கும் விழுந்த கால்கட்டு

அன்புத் தங்கை லூயிகாவுக்கு,

ஹோனலூலூவிலிருந்து அண்ணன் லொபாகா எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக எல்லாரும் சௌக்கியம். லாஸ் வேகாஸ் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன்.

கனானியின் கல்யாணத்துக்கு எடுத்த விமான டிக்கெட்டை உடனே ரத்து செய்துவிடு. கல்யாணம் நடக்காது.

நேற்று மாலை மியூசியத்துப் புல்வெளியில் குடும்பங்களுக்கான கைவேலை விழா. கயிறு மாதிரி உறுதியான கீ இலையில் மாலை திரிக்கச் சொல்லிக்கொடுப்பவள் நம் கனானிதான். மாவித் தீவிலிருந்து மாப்பிள்ளைப் பையன் கமுவேலாவின் அப்பாவும் வருகிறார், முதல் சந்திப்பு என்பதால், "அப்பா, இன்னிக்கு மட்டும் வாயத் திறக்காம சிரிச்சிட்டு இருங்க" என்றாள். நானும் சிரித்த முகமாகவே போய், மிச்சமிருந்த ஒரே இடத்தில் காரை நுழைத்தால், அதற்காகவே காத்திருந்தாராம் ஒரு மனிதர், இறங்கி வந்து, "ஏன்யா, கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்கிறார். "உன் கார இங்க நிறுத்த முடியாது, போய்க் கடல்ல நிறுத்து!" என்றேன். உள்ளே போய்ப் பாயில் உட்காரும்போது, "இவர்தான்ப்பா கமுவேலாவோட அப்பா, பெனி" என்று கனானி காட்டினாள். அதே ஆள்! நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு, பல் டாக்டரிடம் வாயைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

அவளுக்கு என்ன தெரியும், பாவம். எதிரெதிரே உட்காரவைத்து, அவர் கால் கட்டைவிரலில் ஓர் இலை, என் கால் கட்டைவிரலில் ஓர் இலை மாட்டி முறுக்கச் சொன்னாள். "நடுவுல முடிச்சுப் போட்டுட்டேன், இனிமே ரெண்டு வீடும் ஒண்ணு" என்று கைதட்டினாள். "நீ திரிக்கறது மாலையா, நாய்ச் சங்கிலியா?" என்று பெனி முணுமுணுத்ததை நான் பொறுத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மழை. எல்லாரும் எழுந்து ஓட, அவர் ஒரு பக்கம் பாய, நான் ஒரு பக்கம் பாய, கீ இலை அறுந்தால்தானே! இருவரும் பக்கத்துப் பாயில், துணியில் முக்கோணம் பதிக்கிற மூங்கில் அச்சுகள் ஊறிய சாயத் தட்டுகளின் மேலேயே விழுந்தோம். அவர் வழுக்கையில் வரிசையாகச் சிவப்பு முக்கோணங்கள். குழந்தைகள் வேறு, "அங்கிள், திரும்புங்க, அந்தப் பக்கம் காலியா இருக்கு!" என்கின்றன. பெனி கத்தினார்: "கார் நிறுத்தவும் தெரியல, ஓடவும் தெரியல, இந்த வீட்லயா பொண்ணு எடுக்கறது?" "எடுக்க வேணாம், மாவிக்கே போ!" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். கனானி இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள், தோள் குலுங்குகிறது. அவள் அம்மாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்தத் தோள் குலுங்கி நான் பார்த்ததில்லை, லூயிகா. வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. என் பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன்.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்களாவது நிம்மதியாக இருங்கள்.

இப்படிக்கு,
உருப்படாத உன் அண்ணன்,
லொபாகா

பி.கு.: உறையை ஒட்டும்போது பெனி வாசலில் வந்து நின்றார். தலையில் சாயம் போகவில்லை, கையில் இலைக்குள் பொதிந்து வேகவைத்த கறி, சுடச்சுட லௌலௌ. "என் பையன் எங்கிட்ட பேசமாட்டேங்கறான். உம் பொண்ணு பேசறாளா?" என்றார். "இல்ல." "அப்ப நாம ரெண்டு பேருந்தான் பேசிக்கணும்." அதற்குள் கனானி எட்டிப் பார்த்தாள், அந்தத் தலையைக் கண்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டாள், மறுபடி தோள் குலுங்கியது. கையை விலக்கிப் பார்த்தால், சிரிக்கிறாள்! "வாயத் திறந்தா சிரிச்சிடுவேன்னுதான்ப்பா பேசல" என்கிறாள், பாவி. டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. கல்யாணப் படத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே நிற்க ஆள் வேண்டும். உன்னளவு அகலமானவர் இந்தத் தீவில் யாருமில்லை.