மூளைக்குள் வெடியுப்பு

இனிமேல் ஒரு மாத்திரையும் தன் தொண்டைக்குள் இறங்காது என்று ஊர்க்காவலன் தீர்மானித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தீர்மானம் போட ஐந்து நிமிஷம் ஆனது. அதை மனைவி வேலுத்தாயிடம் சொல்லத் தைரியம் வர ஒரு மணி நேரம் ஆனது.

ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனியில் அவர் கலவை போர்மேன். வெடியுப்போ கந்தகமோ, விரல் நுனியில் தேய்த்தே தரம் சொல்லிவிடுவார். பட்டாசுக்குள் போகும் கலவைக்கு அந்தப் பக்கத்தில் மருந்து என்றுதான் பேர். முப்பது வருஷமாக மருந்து கலக்கிறவருக்கு டாக்டர் சீனிவாசகம் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டார். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை பத்து நிமிஷம் தொங்கிப்போய், தானாகவே சரியானதுதான் காரணம்.

"இப்ப வந்த பக்கவாதம் போயிருச்சு. அடுத்து வர்றது தங்கிரும். பிரஷருக்கும் ரத்தம் கட்டாம இருக்கவும் தினம் ரெண்டு மாத்திரை, விடவே கூடாது" என்றார் டாக்டர்.

ஊர்க்காவலனுக்கு வேறு பயம். மாத்திரை அட்டை சட்டைப்பையில் தெரிந்தால், கலவை அறையிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். போர்மேன் என்று கூப்பிட்ட வாயெல்லாம் நோயாளி என்று கூப்பிடும். அந்த நேரம் பார்த்துத்தான் பேப்பர் இணைப்பில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது.

"ஏட்டி, இங்க பாரு. மூளையில ரத்தம் அடைச்சா அங்கன இருக்கிற செல்லு பூராவும் கெட்டுப் போகுமாம். செடியில இருக்கிற சத்து ஒண்ணு அதைத் தடுக்குமாம். பேரு ஆண்டி-ஆக்சிடன்ட்."

"ஆண்டியும் ஆக்சிடென்டுமா? பேரே நல்லா இல்லியே."

"உனக்கு எங்க விளங்கப் போகுது. வெடியுப்பு என்ன செய்யும்? ஆக்சிஜனைக் குடுத்து மருந்தை எரிய விடும். அது ஆக்சிடன்ட். இது அதுக்கு எதிரி. மண்டைக்குள்ள பத்த விடாம நமுக்க வச்சிரும். நெல்லிக்கா, திராட்சை, மஞ்சள், கீரை எல்லாத்துலயும் இருக்காம். ஒரே வாசிப்புல இது விளங்கின ஆளு இந்த ஊர்லயே நான்தான்."

"அப்ப மாத்திரை?"

"இனி எதுக்கு? இலைதழை போதும்."

"சரி, உங்க இஷ்டம்" என்றாள் வேலுத்தாய்.

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அந்த மூன்று வார்த்தைகளை அவர் சேர்த்துக் கேட்டதே இல்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். மனுஷன் சந்தோஷத்தில் கோட்டை விட்டார்.

மறுநாள் காலையில் நெல்லிக்காய்ச் சாறு. மத்தியானம் முருங்கைக்கீரை. சாயங்காலம் வல்லாரைத் துவையல். அதற்கடுத்த நாளும் அதே. நான்காம் நாள் ஆடுகள் அவரைப் பங்காளி மாதிரி பார்த்தன. ஐந்தாம் நாள் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா நினைவில் வந்து நின்றது.

"பரோட்டாவும் செடிதானே வேலு? மாவு கோதுமை. எண்ணெய் கடலை."

"உப்பு எந்தச் செடியில காய்க்குது?"

அவர் யோசித்தார். "சரி, பீடி? அது முழுக்க இலை."

"ஆமா. கீரையோட சேத்துக் கடைஞ்சு தாரேன், சாப்பிடுதீகளா?"

ஊர்க்காவலன் வல்லாரையை முழுங்கினார்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் பிரஷர் பார்த்தார். நூற்றி எண்பது இருந்தது நூற்றி முப்பதுக்கு இறங்கியிருந்தது. ஊர்க்காவலன் கட்டுரையை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

"மாத்திரை ஒண்ணு கூடத் தொடலை டாக்டர். எல்லாம் இலைதழை."

டாக்டர் நிதானமாகப் படித்தார். "கீரையும் பழமும் நல்லதுதான் போர்மேன். கடைசிப் பத்தியைப் படிக்கலையா? சோதனை நடந்தது எலிக்கு. மனுசனுக்கு மாத்திரைக்குப் பதிலா இது ஆகும்னு யாரும் சொல்லலை. பிரஷரை இறக்கினது மாத்திரைதான்."

"நான்தான் போடலையே?"

"போட்டீக" என்றாள் கூடவே வந்திருந்த வேலுத்தாய். "தெனமும் ரெண்டு. நெல்லிக்கா சாறுல. பொடிக்கலாமான்னு அன்னிக்கே தனுஷ்கோடி அண்ணாச்சி கடையில இருக்கிற ஒரு ரூவா போன்ல டாக்டரைக் கேட்டுட்டேன். பொடிச்சு மூணு தடவை துணியில சலிச்சேன். நாக்குல நெருடினா கண்டுபிடிச்சிருவீகளே."

ஊர்க்காவலன் நாக்கை மேலண்ணத்தில் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

"வாய் கோணின அன்னிக்கு என் பேரைச் சொல்லப் பாத்தீக, உங்களால முடியலை" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பத்து நிமிசத்தை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாதுங்க."

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பெருமை வந்தது. முப்பது நாள் தன் நாக்கு வழியாகவே போன கலவை, தனக்கே தெரியவில்லை. இப்படி ஒரு கைப்பக்குவத்தை அவர் கம்பெனியில் எந்த ஆளிடமும் கண்டதில்லை. தான் கலக்கியதெல்லாம் வெடித்துத்தான் போனது, இவள் கலக்கியது ஒரு ஆளை நிறுத்தி வைத்திருக்கிறது என்று நினைத்தபோது கண் கலங்கியது.

பஸ் ஸ்டாண்டில் முழுசாகச் சரணடைந்தார்.

"நாளையிலேர்ந்து மாத்திரையை நானே போட்டுக்கிடுறேன். சத்தியம். அந்தக் கீரை, சாறு, துவையல் மூணையும் நிப்பாட்டிரு."

வேலுத்தாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்படி நிப்பாட்ட? எலிக்கு நல்லதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கே."