சோவாஸும் இருபது நிமிஷமும்

கடிகாரம் ரிப்பேர் செய்பவர் முப்பது வருஷமாகக் கடையில் ஒரே முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு திங்கட்கிழமை எழுந்திருக்கப் பார்த்தார். தலை எழுந்தது, தோள் எழுந்தது, இடுப்பு மட்டும் வர மறுத்துவிட்டது. மூன்று மணி காட்டும் முட்கள் மாதிரி வளைந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தார். மனைவி அப்படியே அவரைப் பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனாள்.

"உங்க சோவாஸ் இறுகிப்போச்சு" என்றாள் அந்தப் பெண்.

"நான் சோபாவுல உட்கார்றதே இல்லீங்களே!"

"சோபா இல்லீங்க, சோவாஸ். இடுப்புக்குள்ள ஆழமா இருக்கற தசை. முதுகெலும்புல ஆரம்பிச்சு, இடுப்புக்குள்ள இறங்கி, தொடை எலும்புல போய்ப் பிடிச்சுக்கும். கால் தூக்கி நடக்கறதுக்கு அது வேணும். நாள் பூரா உட்கார்ந்தே இருந்தா சுருங்கிப் போய் முதுகைப் பிடிச்சு இழுக்கும்."

வைத்தியம் சுலபம். தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலிமேல் வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு ஏறி இறங்க எண்ணிக்கொண்டே மெதுவாக மூச்சு விட வேண்டும். தினம் இருபது நிமிஷம். நடுவில் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது.

"படுத்துக்கறதுதான் வைத்தியமா!" அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் மனைவியின் முகமும் மலர்ந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

இத்தனை வருஷமும் அவள் எந்தப் பேச்சை எடுத்தாலும், "கடையில ஆள் நிக்கிறாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார். இப்போது கால் இரண்டும் நாற்காலிமேல் இருந்தன.

முதல் நாள் சாயங்காலம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, கட்டிலுக்கு அடியில நாற்பத்தோரு ஓடாத கடிகாரம் கிடக்கு. தூக்கிப் போட்டுடட்டுமா? வேண்டாம்னா சொல்லுங்க."

அவர் பதறிப்போய், 'பொறு' என்று ஐந்து விரலும் விரியக் கையைக் காட்டினார்.

"அஞ்சு மட்டும் வச்சுக்கணுமா? சரி."

மறுநாள் ஸ்கூட்டர் வந்தது. பேச்சாகத்தான். "நான் ஓட்டக் கத்துக்கப் போறேன். உங்களுக்கு இஷ்டம்தானே?"

'வேண்டாம்' என்று வேகமாகத் தலையை ஆட்டினார்.

"தலையை ஆட்டாதீங்க. கழுத்தும் பிடிச்சுக்கும்."

கழுத்தை நினைத்து அவர் அசையாமல் கிடந்தார். வியாழக்கிழமை அவள் பயிற்சிக்குப் போய் வந்தாள்.

இருந்தாலும் சொல்ல வேண்டும், வைத்தியம் பலித்தது. பத்தாம் நாள் அவரே குனிந்து செருப்பு வார் மாட்டினார். ராத்திரி நல்ல தூக்கம். இன்னொன்றும் நடந்தது. ஸ்கூட்டர் சொல்லிக்கொடுப்பவர் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டதை அவள் நடித்துக் காட்டியபோது, அவர் சிரித்துச் சிரித்து மூச்சுக் கணக்கைத் தவறவிட்டார். இவள் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாளா? முப்பது வருஷமாக வாசல் பக்கமே திரும்பி நின்று பாதி காதில் கேட்டதில் அவருக்கு அது தெரியாமலே போயிருந்தது.

ஆனாலும் பதில் சொல்லும் உரிமை உரிமைதான். மூன்றாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத் தளர்ந்திருக்கு. இனிமே படுக்க வேண்டாம். தினமும் நடங்க, போதும்" என்றாள்.

"நடக்கும்போது பேசலாமா?"

"தாராளமா."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "இங்க பாரு, நாளையிலேர்ந்து படுக்கறது கிடையாது. நடைதான். எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் காலை மேட்டுத் தெருவில் அவள் அவ்வளவு வேகமாக நடப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார். மேட்டு உச்சியில் அவள் நின்று திரும்பினாள்.

"ஏங்க, என் தங்கச்சி குடும்பத்தோட வந்து ஒரு மாசம் தங்கறேங்கறா. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது.