கப்பலை வெளுத்த மாப்பிள்ளை

வேல்குமாருக்கு மாமனார் கொடுத்த பட்டம் ஒன்று உண்டு. 'நல்லாச் சாப்பிடுவாரு.' கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் மருமகனைப் பற்றி ரத்தினசாமி சொன்ன நல்ல வார்த்தை அது மட்டும்தான்.

அந்த ரத்தினசாமிக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. அவிநாசியிலிருந்து மகள் ஜெயபாரதிக்குப் போன் செய்தார்.

"கட்டு அவுத்தாச்சு கண்ணு. எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. ஞாயித்துக்கெழமை உன்ற ஊட்டுக்கு வர்றேன். மொதல்ல அந்தக் கப்பலைப் பாக்கோணும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வேல்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கப்பல் பீரோவின் மேல் இருந்தது. பொம்மைக் கப்பல். இரண்டு முழ உயரம், மர உடம்பு, அடியில் ஈயக் கட்டி, முக்கோணமாக இரண்டு துணிப் பாய்கள். குளத்தில் விட்டால் காற்றில் நிஜமாகவே ஓடும். ரத்தினசாமி தறியை விட்டு பனியன் தொழிலுக்கு வந்த புதிதில் முதல் ஆர்டர் கொடுத்த ஹாலந்துக் கிழவர், தான் சிறுவயதில் விளையாடியதைப் பரிசாகத் தந்திருந்தார். ஜெயபாரதியின் சீர்வரிசையில் பீரோ, கட்டில், குத்துவிளக்கு, கப்பல் என்று வந்து இறங்கியது. அன்றைக்கே பீரோ மேல் ஏறிய கப்பல் அப்புறம் இறங்கவில்லை.

வேல்குமார் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். பாய்கள் பழுப்பாக இருந்தன. ஓரங்களில் தையல் விட்டிருந்தது. கறுப்புப் புள்ளிகள் வேறு.

"பாரதி, இதைப் பாத்தா உங்கப்பா என்ன நெனப்பாரு? எத்தனை அழுக்கு!"

"அது அழுக்கு இல்லீங்க. புள்ளிதான் அழுக்கு. மத்தது அதோட..."

"நான் யாரு?"

"ஏனுங்க, இதென்ன கேள்வி?"

"இருபத்தாறு வருசமா ப்ளீச்சிங் மாஸ்டர். ஒரு நாளைக்கு மூணு டன் துணி என் கையில வெளுக்குது. எது அழுக்கு, எது அழுக்கு இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

"இல்லீங்க, நான் சொல்ல வந்தது..."

"நீ சாம்பிள் டெய்லர். தைக்கிறது உன் டிபார்ட்மெண்ட். வெளுக்கிறது என் டிபார்ட்மெண்ட். நாளைக்குச் சாயந்தரம் ஷிப்ட் முடிச்சு வந்து நானே கழட்டறேன். நீ தொடாதே."

ஜெயபாரதி அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள்.

நல்லூரில் அவள் வேலை செய்யும் பனியன் யூனிட்டில் இந்தச் 'சரிங்க'வை எல்லோரும் அறிவார்கள். அவள் 'சரிங்க' என்று சொன்னால், ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள் வந்த வழியே போய், பேட்டர்னை எடுத்து மறுபடி ஒருமுறை அளந்து பார்ப்பார்கள். வேல்குமார் மெர்ச்சண்டைசர் இல்லை. புருஷன். அந்த இரவு நன்றாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கப்பலை இறக்கினார். பாயைக் கட்டியிருந்த கயிற்று முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. இருபத்திரண்டு வருட முடிச்சு! தன் கைராசியை எண்ணி அவருக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது. பட்டறையிலிருந்து சின்ன பாட்டிலில் பெராக்சைடு கொண்டுவந்திருந்தார். கொஞ்சம் காஸ்டிக். ஒரு சிட்டிகை வைட்னர். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. பாய்கள் உள்ளே போயின. குப்பென்று டீ வாசம் எழுந்தது.

"பாரதி, டீ போட்டியா?"

"டீத்தூள் தீந்துபோச்சுங்க. காலையிலயே சொன்னேன்."

பக்கத்து வீட்டு வாசமாக இருக்கும். அவர் கரண்டியால் புரட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பழுப்பு கழன்று தண்ணீரில் இறங்கியது. இத்தனை வருட அழுக்கு இவ்வளவு சுலபமாகப் போனதை அவர் பார்த்ததில்லை. திறமை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டார். அலசி, நிழலில் காயப்போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டார். பாய்கள் கண்ணைக் கூச வைத்தன. பட்டறைக்கு எடுத்துப் போய், நிறத்தை ஒப்பிடும் ஷேடு கார்டில் வைத்துப் பார்த்தார். அதில் இருந்த வெள்ளைகள் அழுக்காகத் தெரிந்தன.

சனிக்கிழமை பாய்களைக் கப்பலில் கட்டி, மேலே ஒரு துண்டைப் போர்த்தி ஹால் மேஜையில் வைத்தார்.

"மாமா வந்ததும் நான்தான் துண்டை எடுப்பேன். யாரும் தொடக் கூடாது."

"சரிங்க" என்றாள் ஜெயபாரதி. கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை வேல்குமார் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். ரத்தினசாமி கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். கண்ணாடியைத் தூக்கி மருமகனை ஒரு நிமிடம் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சுங்களா?"

"ஆமாங்க மாமா."

வண்டி நல்லூர் ரோட்டில் ஏறியது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் காவி அப்படியே இருக்குதுங்களா மாப்பிள்ளை?"

"எந்தக் காவிங்க மாமா?"

"கப்பல் பாயிங்க. ஹாலந்துக்காரரு ரெண்டு கப்பல் எடுத்து வெச்சாரு. ஒண்ணு வெள்ளைப் பாயி, ஒண்ணு காவிப் பாயி. எது வேணும்னாரு. முருகன் மேல பாரத்தைப் போட்டு காவியைத்தான் எடுத்தேன். பழனிக்கு நடந்து போறவங்க கட்டற நெறமுங்க அது. அதுக்கப்புறந்தான் எனக்கு ஆர்டரு மேல ஆர்டரு. கண்ணு மங்கினதுல இருந்து அதை நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஒருக்கா பாத்துட்டேன்னா போதுமுங்க."

வண்டி லேசாக ஆடியது.

"பாத்து ஓட்டுங்க மாப்பிள்ளை. கண்ணுக்குப் பண்ணியிருக்குது, எலும்புக்குப் பண்ணல."

வேல்குமாருக்கு ரோடு தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் இரண்டு முக்கோணங்கள் பளீரென்று நின்றன. மூன்று டன் துணியை வெளுத்தவன், ஒரு பெரியவரின் சாமியை வெளுத்துவிட்டேன். இனி 'நல்லாச் சாப்பிடுவாரு' என்றுகூடச் சொல்ல மாட்டார்.

"மாமா, ஒரு டீ சாப்பிடலாங்களா?"

"ஊட்டுல பாரதி போடுவா."

"டீத்தூள் தீந்துபோச்சுங்க."

வேல்குமார் ஒரு டீயை இருபது நிமிடம் குடித்தார். அப்புறம் வாழைப்பழம் வாங்கினார். அப்புறம் பெட்ரோல் போட்டார். வாங்குவதற்கு வேறொன்றும் இல்லாமல் வீடு வந்துவிட்டது.

ஜெயபாரதி வாசலுக்கு வந்து அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ரத்தினசாமி நேராக மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"எடுங்க மாப்பிள்ளை."

"மாமா, ஒரு விசயம் சொல்லோணுங்க..."

"பாத்துட்டுக் கேக்கறேன். எடுங்க."

வேல்குமார் கண்ணை மூடிக்கொண்டு துண்டை இழுத்தார்.

ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

பாய்கள் காவியாக இருந்தன. செம்மண் நிறத்தில், ஒரு புள்ளி இல்லாமல், ஓரத் தையல் பழைய ஊசித்துளைகளிலேயே கையால் தைக்கப்பட்டு, காற்றுக்காகக் காத்திருப்பதுபோல் நின்றன.

ரத்தினசாமி விரலால் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது. டாக்டர் கலங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"யாரு கண்ணு பண்ணினது?"

வேல்குமார் வாயைத் திறந்தார். அதற்குள் ஜெயபாரதி சொன்னாள்:

"இவருதானுங்கப்பா. வாரம் பூரா உக்காந்து பண்ணினாரு. பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊற வெச்சு, தேய்க்காம, பிழியாம, கையாலயே ஒத்தி ஒத்தி எடுத்தாரு."

ரத்தினசாமி எழுந்து மருமகனின் கையைப் பிடித்தார்.

"உங்களுக்குச் சாப்பிட மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேனுங்க."

வேல்குமார் சமையலறைக்குப் போய் மனைவியின் பின்னால் நின்றார்.

"அப்ப நான் வெளுத்தது?"

"உங்க பழைய வேட்டிங்க. ரெண்டு மூலை. டீத்தூள் நூறு கிராம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"திங்கக்கெழமை சொன்னனே. நீங்க இருபத்தாறு வருசம்னீங்க."

"வெள்ளையைக் கட்டினப்பவாவது?"

"எத்தனை சந்தோசமா இஸ்திரி போட்டீங்க! கெடுக்கறதுக்கு மனசு வரலீங்க. இன்னிக்கு நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனப்பறந்தான் மாத்தினேன்."

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. எதிர்ச்சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்தார். அதைவிட இவளைக் கும்பிடுவதுதான் சரி என்று பட்டது.

"பாரதி, இதுக்கு நான் என்ன பண்றது சொல்லு. என்ன சொன்னாலும் செய்யறேன்."

"நெசமாலுங்களா?"

"முருகன் மேல சத்தியம்."

அவள் தோசைக்கரண்டியை வைத்துவிட்டு ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அப்பா! நம்ம பட்டுச்சேலைக எல்லாம் கடைக்குப் போட்டாப் பாழாப் போயிருதுன்னு சொன்னேனில்லீங்க? இனிமே இவரே பூந்திக்கொட்டையில அலசித் தர்றேங்கறாரு. அம்மாவுதையும் குடுத்தனுப்புங்க!"

"மாப்பிள்ளை கையின்னா யோசனையே இல்லை கண்ணு! நாளைக்கே குடுத்தனுப்பறேன்."

அடுத்த ஞாயிறு வேல்குமார் கொல்லையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு அண்டா நுரை. பக்கத்தில் பதினோரு பட்டுச்சேலைகள். தேய்க்காமல், பிழியாமல், ஒத்தி ஒத்தி எடுத்தார். ஆறாவது சேலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதும், பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த அந்த வழியை நினைத்தால், இது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

ஜெயபாரதி டீயைச் சட்டியோடு கொண்டுவந்தாள். சட்டி சுடுமே என்று முக்கோணமான இரண்டு துணிகளால் பிடித்திருந்தாள்.

"பிடிதுணிக்கு நல்ல வெளுப்புங்க" என்றாள்.