இன்ஸ்பெக்டரின் இருபத்துநாலு தோட்டா

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். இருபத்துநாலு தோட்டா செய்யணும். எல்லாம் ஒரே நீளத்துல இருக்கணும்.

உடனே போலீசுக்குப் போன் போட்டுடாதீங்க. டம்மி தோட்டாதான். பூதலூர் பக்கம் எங்க ஊர்ல சித்திரைத் திருவிழா நாடகம். பதினோரு வருஷமா அதுல நான் திரை இழுக்கறவன். இந்த வருஷம்தான் முதல்முறையா வேஷம் கிடைச்சிருக்கு. அதுவும் இன்ஸ்பெக்டர்!

டைரக்டர் செல்வம் என்கூடப் படிச்சவன். அந்த உரிமையில ஒரு கண்டிஷன் போட்டான்.

"தோட்டா பெல்ட் நீயே செஞ்சுக்க. அஞ்சு மணிக்கு வந்து பாப்பேன். நிஜம் மாதிரி இல்லைன்னா நீ போய்த் திரையை இழு."

நான் எலக்ட்ரிக் கடை வெச்சிருக்கேன். வயர் போடற குழாய்க்கா பஞ்சம்? காலையில ஏழு மணிக்கே ரெண்டு ரெண்டு அங்குலமா அறுத்து, தங்கக் கலர் பெயிண்ட்டும் அடிச்சாச்சு.

கூர் முனைக்கு என்ன பண்றது? அங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. அது வேலை செஞ்சாலே எங்க வீட்ல உஷாராயிடுவாங்க.

"மலரு, மஞ்சத்தூள் போட்டுக் கொஞ்சம் கொழுக்கட்டை மாவு பிசைஞ்சு குடேன்."

என் மனைவி என்னை மேலயும் கீழயும் பார்த்தா. "திருடனுக்குக் கொழுக்கட்டையா குடுக்கப் போறீங்க?"

கேட்டாளே தவிர, பிசைஞ்சும் குடுத்தா. "காஞ்சு போனா தண்ணி தெளிச்சுக்கங்க"ன்னு சொல்லிட்டுத் துணி துவைக்கப் போயிட்டா.

குழாய் வாயில மாவை அடைச்சு, கூராக் கிள்ளி விட்டேன். பத்து முடிஞ்சுது. மாவு வெடிக்க ஆரம்பிச்சுது. அடுப்படியில ஒரு சட்டியில கஞ்சி மாதிரி என்னமோ மூடி இருந்துச்சு. தண்ணியைவிடக் கஞ்சி நல்லா ஒட்டுமே! ரெண்டு கரண்டி ஊத்திப் பிசைஞ்சு, மீதி பதினாலையும் முடிச்சு, மொட்டைமாடி வெயில்ல காய வெச்சேன்.

பதினோரு மணிக்குப் பார்த்தா, ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை!

குழாயை அளந்தேன். சரியா இருக்கு. நான்தான் மாவைக் கூடக் குறைய அடைச்சிருப்பேன்னு நெனச்சு, பிளேடால எல்லாத்தையும் ஒரே அளவா சீவிட்டு வந்து சாப்பிட்டேன்.

ரெண்டு மணிக்குப் போனா மறுபடியும் நெட்டை குட்டை. மறுபடியும் சீவினேன். மூணு மணிக்கு மறுபடியும் வளர்ந்து நிக்குது! குறுவை நாத்துகூட இவ்வளவு வேகமா வளராதுங்க.

எனக்கு நெஜமாவே அழுகை வந்துடுச்சு. பதினோரு வருஷம் கழிச்சுக் கிடைச்ச வேஷம்!

பக்கத்துக் கடை ரஃபீக் பாயைக் கூப்பிட்டேன். அதிராம்பட்டினத்துக்காரர். துபாய்ல லேத் ஓட்டிட்டு வந்தவர். நூல் அளவுகூடப் பிசகாம அளக்கற வெர்னியரோட வந்தார்.

"ஸ்கேலை நுனியில வெச்சு அழுத்தாதீங்கண்ணே, நசுங்குது பாருங்க"ன்னு முதல்ல எனக்கு ஒரு குட்டு. அப்புறம் ஒவ்வொண்ணா அளந்து ரெண்டு வரிசையாப் பிரிச்சார்.

"இந்தப் பத்து அப்படியே இருக்கு. தகராறு இந்தப் பதினாலுலதான். இதுல மட்டும் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே பாய். கொஞ்சம் கஞ்சி ஊத்தினேன், அவ்வளவுதான்."

அவர் ஒரு தோட்டாவை எடுத்து மூக்குகிட்ட கொண்டு போனார். ரொம்ப மரியாதையான மனுஷன். மெதுவாத்தான் சொன்னார்.

"அண்ணே... தோட்டா புளிச்சிருக்கு."

அதே நேரம் கீழேருந்து மலர் குரல். "பொங்கறதுக்கு வெச்ச இட்லி மாவுல யாரு கரண்டியை விட்டது?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார்.

மேல வந்து விஷயத்தைக் கேட்ட மலர் சிரிச்ச சிரிப்புல, பக்கத்து மாடியில வடகத்துக்குக் காவல் இருந்தவங்களும் எட்டிப் பார்த்தாங்க. ஆனா வழி சொன்னதும் அவதான்.

"புளிச்ச மாவு பொங்கத்தான் செய்யும். ஆவியில வேக வெச்சுட்டா அப்புறம் வளராது."

பதினாலு முனையையும் பிடுங்கி இட்லிப் பானையில வெச்சோம். வெந்ததும் பாய் அளந்து சொல்லச் சொல்ல நான் சீவினேன். திரும்பக் குழாயில சொருகினேன். இருபத்துநாலும் ஒரே நீளம்!

அஞ்சு மணிக்கு வந்த செல்வம் பெல்ட்டைத் தடவிப் பார்த்தான். "பரவால்லடா, கடையில வாங்கின மாதிரி இருக்கு." எனக்குக் கால் தரையில இல்லை.

ஏழு மணிக்கு மேடை ஏறினேன். வெந்த மாவு காத்துல காய்ஞ்சா சுருங்கும்னு யாருமே எனக்குச் சொல்லலை.

முதல் அடி வெச்சேன், ஒரு முனை விழுந்துச்சு. ரெண்டாவது அடிக்கு ரெண்டு. துப்பாக்கியை உருவி, "ஓடினே, சுட்டுடுவேன்!"னு கத்தினேன் பாருங்க, பொலபொலன்னு கொட்டிடுச்சு. ஒண்ணு உருண்டு மேடைக்குக் கீழ போச்சு. அங்க நின்ன நாய் அதைத் தின்னுட்டு, அடுத்ததுக்காக என்னையே பார்த்துச்சு.

எனக்கு வசனம் மறந்து போச்சு. திருடன் வேஷம் போட்டவன்தான் கையைத் தூக்கிக்கிட்டே சமாளிச்சான்.

"சுடாதீங்க ஐயா! தொட்டுக்கச் சட்னி இல்லை!"

கைதட்டல் அடங்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு.

அடுத்த வருஷமும் இன்ஸ்பெக்டர் நான்தானாம். ஆனா எங்க ஊர் போலீசுக்கு இனிமே லத்தி மட்டும் போதும்னு திருவிழாக் கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க.