சிறப்பு உயிரியல்: பெற்றோர் கவனத்திற்கு

மைட்டோகாண்ட்ரியா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று லிஃப்ட் மெக்கானிக் தேடிக்கொண்டிருந்தபோதே போன் அடித்துவிட்டது. புதன்கிழமை, மாலை ஆறு மணி. மகள் படிக்கும் பள்ளி விடுதியில் புதனும் ஞாயிறும் பெண்கள் கையில் போனைக் கொடுக்கிற நேரம்.

"அப்பா, வீட்டுக்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். இன்னைக்கு என்ன பாடம்?"

"செல்லுதான்பா. மைட்டோகாண்ட்ரியா. அது என்ன வேலை செய்யும், சொல்லுங்க பாப்போம்."

மெக்கானிக் பலமாக இருமினார். இருமலோடு இருமலாக நாலு பக்கம் புரட்டினார். "எனக்குத் தெரியாததா? நீ சொல்லு, சரியான்னு பாக்கறேன்."

மறுமுனையிலும் ஒரு இருமல் கேட்டது. "ஸ்கூல்ல உயிரியல்ல நீங்கதானே பெரிய ஆளு. நீங்களே சொல்லுங்க."

அதற்குள் நாற்பத்தொன்றாம் பக்கம் அகப்பட்டது. "செல்லுக்குத் தேவையான ஆற்றலை உற்பத்தி செய்யும் நுண்ணுறுப்பு" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"இது இரட்டைச் சவ்வினால் சூழப்பட்டுள்ளது" என்று முடித்து வைத்தாள் மகள்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அடுத்த வரி அதேதான். ஒரு எழுத்து பிசகவில்லை. என்ன ஞாபக சக்தி இந்தப் பெண்ணுக்கு என்று மெக்கானிக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம லிஃப்டுக்கு மொட்டை மாடியில மோட்டார் ரூம் இருக்கில்ல, அது மாதிரி" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தார். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் அன்று காலையிலிருந்து காத்திருந்தார்.

"ஏய், புக்கைக் குடுடி, நாளைக்கு டெஸ்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அறைத்தோழி. எப்போது போன் பேசினாலும் இந்தக் குரல் வந்துவிடும். சொந்தமாக ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளத் துப்பில்லாமல் அடுத்தவள் புத்தகத்துக்கு அலைகிறதே, இதெல்லாம் எங்கே உருப்படப் போகிறது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

போனை வைத்தபோது பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. சுவர் நாட்காட்டியில் அன்றைய தேதிக்கு மேல் '18' என்று எழுதினார். போன ஞாயிறு 14. அதற்கு முந்தைய புதன் 11.

அதற்கும் முன்னால் எல்லாம் 2தான். மகளோடு பேசுவது அதுவரை மனைவியின் இலாகா. அவள் பேசுவாள், சிரிப்பாள், கோபிப்பாள். கடைசியில் "இந்தாங்க, அப்பா பேசறாரு" என்று போனை நீட்டுவாள். இவர் "நல்லா படி" என்பார். அவ்வளவுதான். மனைவி காலமாகி மூன்று வருஷமாகிறது. இலாகா இவர் கைக்கு வந்தது, வேலைதான் பிடிபடவில்லை. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." "சரிப்பா." "சரி, நல்லா படி." பிறகு வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். மூன்று நாலு நாள் கழித்து மறுபடியும் அதே இரண்டு நிமிஷம்.

அப்படியிருக்கும்போதுதான் பள்ளியிலிருந்து அந்தக் காகிதம் வந்தது. 'சிறப்பு உயிரியல்: பெற்றோர் கவனத்திற்கு. இந்த வகுப்பில் நீங்கள் என்ன எதிர்பார்க்கலாம்?' இரண்டு பக்கம். நிறைய வாசிக்க வேண்டியிருக்கும். மனப்பாடம் உதவாது. பழ ஈக்களை வளர்க்கும் சோதனைக்கு நான்கு வாரம் ஆகும், பொறுமை தேவை. கடைசி வரி: 'சந்தேகம் இருந்தால் ஆசிரியரை நேரில் அணுகத் தயங்க வேண்டாம்.'

பேச வேறு எதுவும் இல்லாததால் அதைப் பற்றிக் கேட்டார். மகள் கொஞ்சம் சொன்னாள். வாய் சும்மா இருக்காமல், "உயிரியலா? அதுல நான் ஸ்கூல்லயே பெரிய ஆளு" என்று அளந்துவிட்டார். உண்மையில் அந்த வகுப்பில் அவர் பெரும்பாலும் வாசலில்தான் நின்றார். ஆனால் அன்று பேச்சு பதினொரு நிமிஷம் ஓடியது. மறுநாளே பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து, அதே பாடப்புத்தகத்தை வாங்கிவந்துவிட்டார்.

வினை ஐந்தாவது பாடத்தில் வந்தது.

"அடுத்து பழ ஈப்பா" என்றாள் மகள். "சிவப்புக் கண்ணு, வெள்ளைக் கண்ணு எல்லாம் வருமாம். நீங்க ஈ வளர்த்திருக்கீங்களா?"

"வளர்க்காம? எத்தனையோ." அது பொய் என்று சொல்ல முடியாது. மனைவி போன பிறகு அவர் சமையலறையில் ஈக்குக் குறைவே இருந்ததில்லை.

"அப்ப நீங்களும் வீட்டுல வளருங்க. இங்க நடக்கறதை நான் சொல்றேன், அங்க நடக்கறதை நீங்க சொல்லுங்க."

நான்கு வாரத்துக்குப் பேச விஷயம். மெக்கானிக் அன்றே மூன்று பாட்டில்களில் வாழைப்பழத்தைப் போட்டு ஜன்னலில் வைத்தார். ஈக்கள் யோசிக்கவே இல்லை, உடனே வந்துவிட்டன. வாய்க்குப் பஞ்சு அடைத்தார். பத்து நாளில் குடும்பம் பெருகியது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், அந்த வீட்டில் அவரைப் பார்த்து அசைகிற ஜீவன்கள் அவை மட்டும்தான். "என்னப்பா, எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று அவர் கேட்க ஆரம்பித்தது தப்பில்லை. மனுஷனுக்கு யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறது.

மூச்சு முட்டுமே என்று இரக்கப்பட்டுப் பஞ்சைக் கொஞ்சம் தளர்த்தியதுதான் தப்பு. மறுநாள் மாலை கீழ் வீட்டு அம்மா மாடிப்படியில் நின்றிருந்தாள். வீடு அவளுடையது.

"தம்பி, என் அடுப்படியில ஈ மொய்க்குது. மேலேயிருந்துதான் வருது. என்ன வச்சிருக்கீங்க?"

"பாடம் வச்சிருக்கேன்மா."

"என்னது?"

"மகளோட பாடம்."

"பாடத்துல ஈ மொய்க்குமா? நாளைக்கு எனக்கு அடுப்படி சுத்தமா இருக்கணும்."

தூக்கிப் போடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்பாள். பாட்டில்களைக் கருவிப்பையில் வைத்து, தான் பராமரிக்கும் எட்டு மாடிக் கட்டிடத்தின் மோட்டார் அறைக்குக் கொண்டுபோனார். கதகதப்பான இடம், ஆள் நடமாட்டம் இல்லை. பாட்டிலில் மிஞ்சியிருந்த முட்டைகளுக்கு அந்தச் சூடு ரொம்பவே பிடித்துப்போனது. ஒரே வாரத்தில் பஞ்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. லிஃப்ட் கயிறு போகிற ஓட்டை வழியாக மாடி மாடியாக இறங்கின. லிஃப்டில் ஏறியவர்கள் எல்லாம் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

புகார் சூப்பர்வைசரிடம் போனது. காரணத்தைக் கண்டுபிடித்து எழுதித் தரும்படி சூப்பர்வைசர் அனுப்பிய ஆள், நம் மெக்கானிக்கேதான். அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, பராமரிப்புப் புத்தகத்தில் 'உயிரியல் காரணம்' என்று எழுதினார்.

"என்னய்யா இது?" என்றார் சூப்பர்வைசர். "இருபது வருஷமா லிஃப்ட் பாக்கறேன். மின்சாரக் காரணம் கேட்டிருக்கேன், இயந்திரக் காரணம் கேட்டிருக்கேன்."

"புதுசா வந்திருக்கு சார்."

"திங்கட்கிழமைக்குள்ள அது போயிடணும். இல்லேன்னா காரணத்தோட சேர்ந்து நீயும் போயிடுவே."

ஆக, பாட்டில்கள் மறுபடியும் வீட்டுக்கே வந்தன. இந்த முறை பஞ்சுக்கு மேல் துணி, துணிக்கு மேல் ரப்பர், மொத்தமும் குளியலறையில். இவர் குளியலை அலுவலகத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. கணக்கெடுக்க வேண்டிய நாள். பேரன் பேத்தி ஈக்களில் நாலில் ஒரு பங்குக்கு வெள்ளைக் கண் இருக்கும் என்றது புத்தகம். மெக்கானிக் பூதக்கண்ணாடியோடு காலையிலிருந்து குளியலறையில் உட்கார்ந்திருந்தார். மொத்தம் எண்பத்து நாலு ஈ. அத்தனையும் சிவப்புக் கண். இவர் கண்ணும் சிவந்துவிட்டது.

ஆறு மணிக்குப் போன் வந்தது.

"என்னாச்சுப்பா? இங்க எல்லாம் பூசணம் பிடிச்சுப் போச்சு. உங்களோடது வந்துச்சா?"

'எல்லாமே சிவப்பு' என்று சொன்னால் என்ன ஆகும்? அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்துவிடும். பிறகு சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மெக்கானிக் நாட்காட்டியைப் பார்த்தார். கடைசியாக எழுதியிருந்தது 26.

"வராம என்ன? எண்பத்து நாலுல இருபத்தொண்ணு வெள்ளை."

"அவ்வளவு சரியாவா? இருங்க, எழுதிக்கறேன்."

"எத்தனைன்னு சொன்னாரு?" என்று பின்னால் அறைத்தோழியின் குரல் கேட்டது. இதற்கும் பங்குக்கு வந்துவிட்டாளே என்று மெக்கானிக் பல்லைக் கடித்தார். அன்று '28' எழுதினார். ஆனாலும் மனசு சரியில்லை.

புதன்கிழமை மகளின் குரல் இறங்கியிருந்தது.

"அந்த இருபத்தொண்ணு மாட்டிக்கிச்சுப்பா. இவ்வளவு கச்சிதமா எந்த ஈயும் பொறக்காதுன்னு மிஸ் சொன்னாங்களாம். கிளாஸ்ல எழுப்பி நிக்க வச்சுட்டாங்க. சனிக்கிழமை லேபுல பாட்டில் எல்லாம் கழுவணுமாம்."

"உன்னையா?"

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. "அதை விடுங்கப்பா. ஆறாவது பாடம் பேசலாமா?"

மெக்கானிக்கால் ஆறாவது பாடம் பேச முடியவில்லை. ஆறு நிமிஷத்தில் போனை வைத்துவிட்டார். தன் பொய்க்காகப் பெண் எல்லார் முன்னாலும் நின்றிருக்கிறாள். அப்போதும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்குப் போய் உண்மையைச் சொன்னால் அவள் பெயர் சுத்தமாகும். ஆனால் அப்பா இத்தனை நாள் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார் என்பதும் தெரிந்துபோகும். அதற்கப்புறம் அவளுக்கு இவரிடம் பேச என்ன இருக்கிறது? நாட்காட்டியில் வரப்போகிற புதன்களையும் ஞாயிறுகளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் 2 என்று இப்போதே எழுதிவிடலாம் போலிருந்தது.

இருந்தும் சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆதாரத்துக்கு ஒரு பாட்டில் ஈயையும் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

ஆய்வகத்தில் உயிரியல் ஆசிரியை மேஜைக்குப் பின்னால் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். கோடியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சந்தேகம் இருந்தா நேர்ல வரலாம்னு காகிதத்துல போட்டிருந்தீங்க" என்றார் மெக்கானிக்.

"கேளுங்க."

"கேக்க வரல மேடம். ஒத்துக்க வந்திருக்கேன்." பாட்டிலை மேஜை மேல் வைத்தார். "அந்த எண்பத்து நாலு ஈ என்னோடது. இருபத்தொண்ணுங்கறது பொய். ஒண்ணுக்குக்கூட வெள்ளைக் கண்ணு இல்ல. எனக்கு உயிரியலும் தெரியாது. என் பொண்ணோட பேசறதுக்காகப் புத்தகத்தைப் பாத்து வாசிச்சுக்கிட்டிருந்தேன். அவ நம்பிட்டா. அவமேல தப்பே இல்ல. தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் குடுங்க, நானே பாட்டில் கழுவறேன்."

ஆசிரியை பாட்டிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்க பொண்ணு யாரு?"

மெக்கானிக் மகளின் பெயரைச் சொன்னார். ஆசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். பிறகு கீழிருந்து மேலாக ஓட்டினார்.

"அந்தப் பேர்ல என் கிளாஸ்ல யாருமே இல்லையே."

மெக்கானிக் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "பேரையே எடுத்துட்டீங்களா மேடம்? ஒரு இருபத்தொண்ணுக்காகவா?"

"நான் நிக்க வச்சது அதோ, அவளைத்தான்."

குழாயடியில் நின்ற பெண் திரும்பினாள். முகம் புதிது. ஆனால் அவள் வாயைத் திறந்ததும் மெக்கானிக்குக் குரல் தெரிந்துவிட்டது. புதனும் ஞாயிறும் போனுக்குப் பின்னால் கேட்கிற அதே குரல்.

"அவ முதல் வாரமே லேபுல தவளையைப் பாத்து மயங்கி விழுந்து ஹிஸ்டரிக்கு மாறிட்டா அங்கிள், ஆனா போன் வர்ற அன்னைக்கெல்லாம் என் புக்கைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, 'எங்கப்பாவுக்கு இதை விட்டா என்கிட்ட பேச வேற எதுவும் இல்லடி, தெரிஞ்சா ரெண்டு நிமிஷத்துல வச்சிடுவாரு'ங்கறா."